பூசலார் ஊரும் பொருட்கடையும்

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர் வண்டியில் ஏறினால், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் ஆகிய ஊர்களைக் கடந்து திருநின்றவூரை அடையலாம். திருமகள் வந்து நின்ற ஊர் ஆதலின் இப்பெயர் வந்தது என்பர் வைணவர். என்னைப் பெற்ற தாயார் என்னும் இனிய பெயரோடு அவள் இங்கே கோயில் கொண்டிருக்கிறாள். சைவர்க்கோ இது பூசலார் ஊர்.

பூசலார் சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பினார். பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிட்டவில்லை. ஆயினும் எண்ணத்தைக் கைவிட்டாரில்லை. மனத்துக்குள்ளேயே பொருளைத் திரட்டினார், மனத்துக்குள்ளேயே கட்டுமானப் பொருள்களைச் சேர்த்தார், தச்சரை வரவழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை எடுத்தார். அதே காலத்தில் காஞ்சியில் காடவர்கோன் கல்லால் ஒரு பெருங்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். அவனை இராசசிம்மப் பல்லவன் என்றும், அக்கோயிலைக் கயிலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். அந்நாளில் யாம் பூசலாரின் கோயிலில் புகுகின்றோம் என்று இறைவன் மன்னன் கனவில் தோன்றிச் சொன்னதையும், மன்னன் இவ்வூருக்கு வந்து அக்கோயில் எங்கே என்று வினவியதையும் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார்.

இக்கதையின் பக்திச் சுவையைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். நான் இங்கு வேறொன்றைக் காண்கிறேன். பூசலார் கண்ணை மூடியவுடன் முழுக்கோயில் ஒன்று வந்து நின்றுவிடவில்லை. அடிநிலை முதல் சிகரம் வரை, சுற்று மதில், கிணறு, குளம் வரை ஒவ்வொன்றாக, நாள்கள் பலவாக, முறை தவறாமல் எண்ணி எண்ணிக் கட்டினார். எது வேண்டும், அது எதன்பின் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். கையில் காசில்லாதவரிடம் அந்தக் கணக்கு இருந்தது. காசு கையிலுள்ள நம்மிடம் அது இருக்கிறதா என்பதே இன்றைய பேச்சு.

பேரூராட்சியாக இருந்த திருநின்றவூர் 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. வயலாக இருந்த நிலம் மனையாகி, மனை வீடாகி வருகின்றது. ஒருவர் இருபது முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணமும், அடுத்த இருபது ஆண்டுக்கான கடனும் ஒரு வீட்டில் போய்ச் சேருகின்றன. மாணவ நண்பர்களே, வீடு கட்டுவது பெரியோர் வேலை, உங்களுக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டா. மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர் பெரும்பாலும் நீங்களே அல்லவா?

ஒரு தலைமுறைக்கு முன்பு இவ்வட்டாரத்தார் வீட்டுக்கு நல்ல பொருள் வேண்டுமென்றால் இரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கிச் சௌகார்பேட்டைக்கும் மண்ணடிக்கும் நடப்பர். பொருளுக்கு ஒரு தெரு, தெருவுக்கு நூறு கடை. இன்று ஆவடிச் சாலையிலும் பூந்தமல்லிச் சாலையிலும் இரும்புக் கடையும் ஹார்டுவேர் கடையும் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கும் அப்பால், ஆணி முதல் அலமாரி வரை அனைத்தும் ஒரே கூரையின்கீழ்ப் பரப்பி வைக்கும் பெருங்கடைகளும் வந்துவிட்டன. ஐக்கியா என்னும் சுவீடன் நாட்டு நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஐதராபாத்தில் இந்தியாவின் முதற் கடையைத் திறந்தபோது, உள்ளே நுழையக் கூடிய கூட்டத்தைப் பத்திரிகைகள் வியந்து எழுதின.

இவ்வகைக் கடைகளுக்கு முன்மாதிரியாக அமெரிக்காவின் ஹோம் டிப்போவைச் சொல்லுவர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பெர்னார்டு மார்கஸ், ஆர்தர் பிளாங்க் என்னும் இருவர் 1978-இல் அதைத் தொடங்கினர். மறு ஆண்டு அட்லாண்டா நகரில் முதற் கடைகள் திறந்தன. கிடங்கையே கடையாக்கியதுதான் அவர்கள் செய்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. குழாய் பொருத்தவும் ஓடு பதிக்கவும் வாங்குவோருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்களை அவர்கள் கடைக்குள் நிறுத்தினார்கள். அங்கே வாங்குகிறவரே வேலையும் செய்கிறவர். பின்னாளில் இம்முறையைப் பின்பற்றிய கடைகள் பலவும் கிடங்கை எடுத்துக்கொண்டன. சொல்லிக் கொடுப்பவரை விட்டுவிட்டன.

நம் நாட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. பொருளைத் தேர்பவர் மேஸ்திரி. பணம் தருபவர் வீட்டுக்காரர். இருவரையும் அறிந்தவர் கடைக்காரர். சில கடைகள் மேஸ்திரிக்குத் தனியே ஒரு பங்கு தருவதும் உண்டு. அப்பங்கு வீட்டுக்காரரின் சீட்டிலேதான் ஏறும். பெருங்கடையில் இத்தொல்லை குறைவு. விலை பொருளின்மீதே ஒட்டியிருக்கிறது. ஒரு பெண்மணி நாற்பது குழாய்களின் முன்னே அரைமணி நேரம் நின்று திருப்பிப் பார்த்தாலும் முகம் சுளிப்பாரில்லை. சிறு கடையில், வீட்டுத் தலைவியே எதிரில் நின்றாலும், கடைக்காரர் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தே பேசுவார். இக்காரணத்துக்காகவே பெருங்கடையை நான் பாராட்டுவேன்.

ஆனால் சிறு கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். முக்கால் அங்குல எல்போ நான்கு வேண்டும் என்று நீங்கள் சீட்டை நீட்டினால், “தம்பி, இது வெந்நீர்க் குழாய்க்கா, பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கா?” என்பார். அந்த ஒரு கேள்வி பெருங்கடையின் அடுக்குகளுக்குக் கேட்கத் தெரியாது. வெந்நீருக்குரிய சி.பி.வி.சி. குழாய் ஒரு வகை, தண்ணீருக்குரிய யு.பி.வி.சி. குழாய் வேறு வகை. சூடு தாங்கும் ஆற்றலில் மட்டுமன்றி, வெளிவிட்டத்திலும் இரண்டும் வேறுபடும். இரண்டின்மீதும் முக்கால் அங்குலம் என்றே எழுதியிருக்கும்; ஒன்றின் எல்போ மற்றொன்றின் குழாயில் பொருந்தாது. யாரும் கேட்காத இடத்தில் அக்கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டில் பொருளின் பெயரோடு அதன் பயனையும் எழுதுங்கள். எல்போ நான்கு என்னாமல், குளியலறை வெந்நீர்க் குழாய்க்கு எல்போ நான்கு என்று எழுதுங்கள். மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது அளவு. பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள ஓர் அறைக்குத் தரை ஓடு வாங்கச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தரை 120 சதுர அடி. இரண்டடிச் சதுர ஓடு ஒன்று 4 சதுர அடி பிடிக்கும். ஆக 30 ஓடுகள். வெட்டும்போது வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 33. பெட்டிக்கு நான்கு ஓடு என்றால் ஒன்பது பெட்டி வேண்டும். இக்கணக்கை ஏழாம் வகுப்பு மாணவரும் போட்டுவிடுவார். எனினும் எட்டுப் பெட்டி வாங்கி வந்து, ஒரு வாரம் கழித்து ஒன்பதாவது பெட்டிக்கு ஓடுகிறவர் பலர். அப்போது கிடைக்கும் பெட்டியில் வேறு தொகுதி எண் அச்சிட்டிருக்கும். கடை விளக்கில் ஒரே நிறமாகத் தோன்றிய ஓடு, வீட்டுச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு மூலையில் மட்டும் வெளிறி நிற்கும்.

ஓடு வெளிறினால் கண்ணுக்குத்தான் குறை. கம்பி குறைந்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே உங்கள் இயற்பியல் உதவும். எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோகிராம். வட்டக் கம்பியின் குறுக்குப் பரப்பை இவ்வெண்ணோடு பெருக்கிச் சுருக்கினால் ஓர் எளிய வாய்பாடு கிடைக்கும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்பது வரும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, 0.889 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி 10.67 கிலோ இருத்தல் வேண்டும். சில விழுக்காடு ஏறக்குறைய இருப்பதைத் தர விதியே அனுமதிக்கிறது. அதற்கு மேலும் குறைந்து ஒரு கம்பி 9.6 கிலோதான் நிற்கிறது என்றால் என்ன பொருள்? எண்ணிக்கைக் கணக்கில் விலை பேசி நூறு கம்பி வாங்கியவர் 107 கிலோ இரும்புக்கு வீணாகப் பணம் கொடுத்தார். அதனினும் கொடிது, வீட்டுத் தூண்களில் அந்த 107 கிலோ இல்லை. பூசிய சுவரைப் பார்த்து இதனை யாரும் பின்னர்க் கண்டுபிடிக்க இயலாது.

சிமெண்டு மூட்டை 50 கிலோ. மூட்டையின்மீது 53 என்று கண்டால், அச்சிமெண்டால் செய்த சோதனைக் கட்டி 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பது பொருள். அதனருகே தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மூன்று மாதம் கடந்த சிமெண்டை மறுபடி சோதிக்காமல் பயன்படுத்தலாகாது. ஏரிக்கரை ஊரில் ஐப்பசி மழைக்காலத்து ஈரக் காற்று மூட்டைக்குள் புகுந்து வேலை செய்யும். தரையின்மீது நேரே அடுக்காமல் பலகையின்மேல் அடுக்குக. சிமெண்டின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. சீட்டில் எந்த விழுக்காடு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

மின்கம்பியிலும் இதே கதை. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரணப் பிளக்குக்கு 2.5, அறைக் குளிரூட்டிக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் 4 என்பது பொதுவான வழக்கு. மெல்லிய கம்பியில் மின்தடை மிகுதி. மின்னோட்டம் மிகுந்தால் வெப்பம் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஜூல் விதியென்று நீங்கள் மனப்பாடம் செய்வது சுவருக்குள்ளே தீயாக வெளிப்படும். சாயத்தில் ஈயம் என்னும் நஞ்சு இருந்த காலமும் உண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். 2017 நவம்பர் முதல் வீட்டுச் சாயத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று நடுவண் அரசு விதித்தது. புதுச் சாயம் வாங்குவோர் டப்பாவில் அக்குறிப்பைத் தேடுக. பழைய சுவரைச் சுரண்டுவோர் நீர் தெளித்துச் சுரண்டுக. சிறுவரை அவ்விடத்தில் விடற்க.

இத்தனையும் ஒருவரே சோதித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அதற்காகவே 1947-இல் இந்தியத் தர நிறுவனம் ஏற்பட்டது. 1987-இல் அதன் பணிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது. அதன் ஐ.எஸ்.ஐ. முத்திரையை யாரும் அச்சிட்டுவிடலாம்; அதன்கீழே சி.எம்./எல். என்னும் எழுத்துக்களோடு வரும் உரிம எண்தான் முக்கியம். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அவ்வெண்ணைக் கைப்பேசியில் இட்டால், உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்பது கடையில் நிற்கும்போதே தெரியும். கடைகளில் பலர் கைப்பேசியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இனிச் சீட்டு. வரி போடாமல் தருகிறேன், சீட்டு வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னால், சில நூறு ரூபாய் மிச்சமாவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அவர் நம்மிடமிருந்து 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வாங்கிக்கொண்டு விடுகிறார். கம்பி துருப்பிடித்தாலும், குழாய் வெடித்தாலும், வாங்கியதற்குச் சான்றில்லையேல் மாவட்ட ஆணையத்தில் நம் சொல் எடுபடுவது அரிது. பொட்டலப் பொருளில் அச்சிட்ட உச்ச விலை வரிகள் யாவும் உட்பட்டது. அதன்மேல் வரி கேட்டால் 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொல்லலாம்.

வேலை முடிந்தபின் ஓட்டில் ஓரிரண்டு மிஞ்சும். அவற்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றும், கொடுக்க வேண்டா. பரண்மேல் செய்தித்தாளில் சுற்றி, வாங்கிய சீட்டையும் தொகுதி எண்ணையும் அதனோடு கட்டி வையுங்கள். பத்தாண்டுக்குப் பின் தரையில் ஓர் ஓடு விரிசல் காணும்போது, அந்த ஓடு எந்தப் பெருங்கடையிலும் இராது.