அயலாரின் செத்தவீடு



நல்லதுக்குப் போகாவிட்டாலும் செத்தவீட்டுக்குப் போகவேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். பேச்சு அறுந்த குடும்பம்கூட அன்றைக்குப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரும். இனவெறுப்பு முதலில் அறுப்பது இந்த வழக்கத்தைத்தான். இறந்தவர் எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகே அழுவதா என்று முடிவு செய்கிறோம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே துறைமுகத்தைச் சுற்றி வாழும் இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்கு அதை விளக்கத் தேவையில்லை. வெறுப்புக்கு ஒரு கலைஞர் தந்த பதிலை எடைபோடும்போது, அயலாரின் செத்தவீட்டுக்கு அவர் போனாரா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து கிடந்தது. அதைப் பற்றி ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதியவர் கல்முனையைச் சேர்ந்த முஸ்லிம் கவிஞர் எம். ஏ. நுஃமான். அதில் சுடப்பட்டுக் கிடப்பவர் புத்தரே. நூலகத்தை எரித்த குற்றம் பௌத்தத்துக்கே இழைத்த குற்றமாகத் தெரிவதால், சிங்கள வாசகர் ஒருவர் அந்தக் கவிதைக்குள் துக்கம் காக்கும் உறவினராகவே நுழையலாம். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றிச் சிங்களவரான பேசில் பெர்னாண்டோ எழுதிய கவிதை வேறு வகை. காருக்குள் ஒரு குடும்பம். கும்பல் பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டுத் தீ வைக்கிறது. எரியும் தகப்பன் இறங்கிவந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மீண்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறான். அந்தக் கையைப் பார்த்தவர், ‘தமிழர்’ என்ற மொத்தப் பெயருக்குள் அதை மறுபடி ஒளித்துவைக்க முடியாது.

கவிதை எதைத் தடுத்தது என்று கேட்பீர்கள். நூலகம் எரிந்து இரண்டு ஆண்டுகளில் கறுப்பு ஜூலை வந்தது உண்மைதான். தடுக்கும் கடமையும் பலமும் அரசிடம் இருந்தன. அதன் தவறுக்குக் கவிஞரிடம் கணக்குக் கேட்பது நியாயமில்லை. ‘சிங்களவர் எல்லாரும் இப்படித்தான்’ என்று ஒரு தமிழ்ப் பிள்ளை முழுமனதோடு சொல்லமுடியாதபடி பெர்னாண்டோவின் கவிதை செய்தது. அடுத்த வெறுப்பு அந்தச் சொல்லில்தான் முளைக்கிறது.

இன்னொரு கேள்வி கனமானது. நம்மவர் இரத்தம் காயுமுன் நம்மவர் குற்றத்தைப் பேசுவது காட்டிக்கொடுப்பு ஆகாதா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரம். தமிழில் அன்று எழுந்த குரல்கள் மிகச் சில. பேசியவரின் உயிருக்கு உத்தரவாதம் இருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அந்த அச்சத்தை மன்னிக்கலாம். ஆனால் அச்சம் நீங்கிய பிறகும் மௌனத்தைக் கொள்கையாக வைத்துக்கொண்டோமே, அதை எப்படி மன்னிப்பது? நமது நூலகத்துக்காக நுஃமான் அழுததைப் பெருமையோடு சொல்லும் தமிழராகிய நாம், அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை.

அந்தக் கடன் பழைய கதையல்ல. மன்னாரைச் சேர்ந்த இளம் முஸ்லிம் கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமது ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பர்வரை அடைபட்டுக் கிடந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நூலில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. பட்டதாரிகளே, உங்களில் சிலர் மொழிபெயர்ப்பாளராக, சட்டத்தரணியாக, ஆசிரியராக அத்தகைய ஒரு நூலை எடைபோடும் மேசையில் அமர்வீர்கள். அயலார் ஒருவரின் பக்கம் உங்கள்முன் வரும். கையெழுத்திடுமுன் அதைக் கடைசி வரிவரை படியுங்கள்.