கார்டில் வாங்கினாலும் அது கடன்தான்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நம் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன மாதக் கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. "ஏனுங்க, பேங்க்கில கிரெடிட் கார்டு தர்றோம்ங்கறாங்க. வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?" நேரம் இல்லாததால் இந்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். கேட்டவர் ஒருத்தர்தான். ஆனால் அன்றைக்கு வெளியே செருப்புப் போடும்போது நாலைந்து பேர் அதே கேள்வியைத் தனியாகக் கேட்டார்கள். அதனால் இன்றைக்கு வேறு பேச்சு வேண்டாம், இதையே பேசிவிடுவோம்.

ஒரு காலத்தில் கிரெடிட் கார்டு என்றால் கோயமுத்தூரில் மாதச் சம்பளக்காரர் வீட்டுச் சமாச்சாரம். இப்போது ஆலாந்துறையிலும் பூலுவபட்டியிலும் நரசீபுரத்திலும் நம் வீடுகளுக்கே வந்துவிட்டது. வேலைக்குப் போகும் பையன் வாங்கி வருகிறான். சம்பளச் சான்று இல்லாதவர்களுக்கு வைப்புத்தொகை பேரில் தருகிறார்கள். வீட்டுச் சாமான் வாங்கப் போன கடையிலேயே தவணைக் கார்டு போட்டுக் கொடுக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எங்க வீட்டுக்காரர் பேருல ஏற்கனவே கார்டு இருக்குதுங்க" என்று சிலர் சொன்னீர்கள். விசாரித்தால் அது கிசான் கிரெடிட் கார்டு. 1998-இல் விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த திட்டம் அது. பேரில்தான் ஒற்றுமை. அது பயிர்க்கடன். 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். நாம் இன்றைக்குப் பேசுவது கடையில் தேய்க்கிற கார்டு. அதில் நாலு சதவீதம் என்று யாராவது சொன்னால், அது வருஷத்துக்கா, மாசத்துக்கா என்று கேளுங்கள்.

இந்தக் கார்டு எப்படி வேலை செய்கிறது? ஏ.டி.எம். கார்டைத் தேய்த்தால் நம் கணக்கில் இருக்கிற பணம் போகிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பேங்க் பணம் போகிறது, நாம் பிறகு கட்ட வேண்டும். மாதம் ஒரு தேதியில் பில் போடுவார்கள். அதற்குப் பிறகு கட்டுவதற்குக் கொஞ்சம் நாள் கொடுப்பார்கள். 5-ஆம் தேதி பில், 25-ஆம் தேதி கெடு என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 6-ஆம் தேதி வாங்கின சாமான் ஆகஸ்ட் 5 பில்லில் வரும், ஆகஸ்ட் 25-க்குள் கட்டினால் போதும். ஐம்பது நாள் வட்டியில்லாத பணம். அதே சாமானை ஜூலை 4-ஆம் தேதி வாங்கியிருந்தால் ஜூலை 25-க்கே கட்ட வேண்டும், இருபத்தோரு நாள்தான். பில் தேதி தெரியாமல் கார்டு வைத்திருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கெடுவுக்குள் முழுத் தொகையும் கட்டுகிறவர்களுக்கு இது நல்ல வசதி. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஐம்பது நாளும் முழுசாகக் கட்டுகிறவருக்கு மட்டும்தான். போன மாதப் பாக்கி கொஞ்சம் நின்றுவிட்டால், இந்த மாதம் புதிதாக வாங்குகிற எண்ணெய்க்கும் பருப்புக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்தால் ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. எடுத்ததற்குக் கட்டணம், அன்றைக்கே வட்டி. கைமாத்துக்குக்கூட அப்படி எடுக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம், கொஞ்சம் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் இரண்டு தொகை போட்டிருப்பார்கள். ஒன்று மொத்தப் பாக்கி. இன்னொன்று 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. 20,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கியாச்சு. பில்லில் மினிமம் 1,000 ரூபாய் என்று இருக்கிறது. "ஆயிரம்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று மனசு சொல்லும். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மூன்றரை என்றே போடுவோம். 20,000-க்கு ஒரு மாத வட்டி 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 126 ரூபாய். ஆக 826. நாம் கட்டியது 1,000. கடன் குறைந்தது வெறும் 174 ரூபாய்!

இப்படியே மாதம் ஆயிரமாகப் பன்னிரண்டு மாதம் கட்டிப் பாருங்கள். வேறு எதுவும் அந்தக் கார்டில் வாங்கவில்லை, ஒரு மாதமும் தவறவில்லை. 12,000 ரூபாய் கட்டி முடித்த பிறகும் பாக்கி ஏறக்குறைய 17,400 ரூபாய் நிற்கும். செல்போன் அதற்குள் உடைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதே 20,000-ஐ நம் குழுவில் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கி, மாதம் 2,000 அசலும் மிச்ச அசலுக்கான வட்டியும் கட்டினால் பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்த வட்டி 2,200. அந்த 2,200-ம் வெளியே போகவில்லை, நம் குழு நிதியில்தான் சேர்கிறது. நூற்றுக்கு இரண்டு வட்டி அதிகம் என்று குழுவில் சண்டை போட்டிருக்கிறோம், சரிதான். கார்டில் பாக்கி வைத்தால் வரியோடு சேர்த்து நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் போகிறது. பேங்க் பேர் இருக்கிறதால் அது கந்து வட்டி மாதிரி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"இவ்வளவு வட்டி வாங்கச் சட்டம் விடுதுங்களா?" என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கெடுவுக்குள் முழுத் தொகையைக் கட்டாத கார்டுக்காரர்களிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமில்லாத வணிக முறை என்று தீர்ப்புச் சொன்னது. பேங்க்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டிக்கு உச்சவரம்பு வைப்பது ஆணையத்தின் வேலை இல்லை, அது ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தில் வருகிறது என்பது காரணம். விதிமுறைகளைத் தெரிந்துகொண்டுதான் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்கிறார் என்பதும் அதில் சொன்ன கருத்து.

தெரிந்துகொண்டுதானா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கிலீஷில் இருக்கிற படிவத்தில் பென்சில் டிக் அடித்த இடத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்! ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிப்படி, கார்டு விண்ணப்பத்தோடு வட்டி என்ன, கட்டணம் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். நிபந்தனைகள் எளிய மொழியில், கூடுமானவரை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் குழுவுக்குக் கொண்டுவாருங்கள், கணக்கு எழுதுகிற பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

அடுத்து, கடைகளில் போர்டு போட்டிருக்கிற 'வட்டியில்லாத் தவணை'. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான். வட்டியே இல்லாமல் கடன் என்கிற ஒன்று கிடையாது, வட்டியை விலைக்குள்ளேயோ கட்டணத்துக்குள்ளேயோ மறைக்கிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. ஒரு ஃபிரிட்ஜ் 24,000, மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணை என்கிறார்கள் என்று வையுங்கள். "ரொக்கமாக் குடுத்தா என்னங்க விலை?" என்று கேளுங்கள். 22,500 என்று சொன்னால், அந்த 1,500-தான் வட்டி. இதோடு செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று, தவணைக்குள் இருக்கிற வட்டிக்கு ஜி.எஸ்.டி. என்று ஒன்று பில்லில் தனியாக வரலாம். தக்காளிக்கு நாலு இடத்தில் விலை கேட்கிற நாம், இருபதாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு ரொக்க விலை கேட்கக் கூச்சப்படுகிறோம். மிக்ஸி, கிரைண்டர் போல அவசரமில்லாத சாமானுக்குக் குழுவில் தனிச் சேமிப்பு போடுங்கள். மாதம் ஆயிரம் வீதம் ஆறு மாதம் போட்டால் ரொக்கத்தோடு கடைக்குள் நுழையலாம். அப்போது பேரம் பேசுகிற குரலே வேறு மாதிரி இருக்கும்.

செல்போன் பற்றியும் ஒன்று. 2022-இலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.-யில் இணைக்கலாம். மளிகைக் கடையில் ஸ்கேன் செய்யும்போது பணம் நம் சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா, கார்டுக் கடனிலிருந்து போகிறதா என்று திரையில் பார்த்துவிட்டு ரகசிய எண்ணைப் போடுங்கள். டீ, பன் வாங்கியதெல்லாம் கடனாக ஏறிக்கொண்டிருப்பது மாதக் கடைசியில்தான் தெரியும்.

அப்படியானால் யார் வாங்கலாம்? எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் வருமானம் வருகிறவர்கள் வாங்கலாம். பால் பணம், சம்பளம், வாடகை எதுவானாலும் சரி. பில் கெடுவை அந்தத் தேதிக்குப் பிறகு வருகிற மாதிரி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மினிமம் இல்லை, முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். ஒரு கார்டு போதும். தக்காளி, வெங்காயம், வாழை என்று வெள்ளாமையை நம்பி இருக்கிற வீட்டில், விலை கிடைத்தால் பணம், கிடைக்காவிட்டால் உழவு ஓட்டிவிடுகிற நிலைமை. அங்கே மாதம் பிறந்தால் வந்து நிற்கிற பில் ஒத்துவராது. அந்த வீட்டுக்குக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனும் குழுக் கடனும்தான் பொருத்தம்.

எங்களுக்கு அதிகம் கவலை தருகிறது வேறு ஒன்று. கார்டு அம்மா பேரில், செலவு செய்கிறது மகனோ மருமகனோ. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, நான் கட்டிக்கறேன்" என்கிறான். அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும். வேலை போய் மூன்று மாதம் கட்டாமல் விட்டால், கடன் தகவல் நிறுவனத்தில் பதிவாவது அம்மா பேர்தான். நாளைக்குக் கன்றுக்குட்டி வாங்க அந்த அம்மா கடன் கேட்டால் அந்தப் பதிவுதான் முதலில் வந்து நிற்கும். ஒரு சிலர் பாக்கி வைத்ததற்காகக் குழு முழுவதற்கும் கடனை மறுப்பது வழக்கமாக இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது, மேலாளர் மறுத்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் அதே பேங்க்கில் பாக்கி வைத்த உறுப்பினருக்கு அந்தக் குழுக் கடனிலிருந்து பங்கு கொடுக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. குழுவுக்குக் கடன் வந்த நாளில், பத்து வருஷம் ஒரு கூட்டம் தவறாமல் வந்த அக்கா மட்டும் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டி வரும். மகனிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம்தான். "குழுவில் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், பரவாயில்லை.

சில உரிமைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பி, பணமும் போட்டிருந்தால் அதைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். கத்தரித்துப் போட்டால் கார்டு மூடியதாக ஆகாது, எழுதிக் கொடுக்க வேண்டும். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. "உங்க கார்டு லிமிட்டை உயர்த்தறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே பேங்க்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். பேங்க் முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான உதவி எண் 14448.

கடன் தகவல் அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் கூட்டமைப்பின் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டுகிறோம். ஆதார், பான் அட்டை, பேங்க்கில் பதிந்த செல்போன் மூன்றையும் கொண்டுவாருங்கள். ஏற்கனவே கார்டு வைத்திருக்கிறவர்கள் கடைசி மூன்று மாத பில்லையும் எடுத்துவாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.