வருகைப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

(திருவொற்றியூர்ப் பகுதி குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தாய் சேய் ஊட்டச்சத்து பற்றிப் பேசச் சொன்னார்கள். செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பேச வேண்டியதாயிற்றே, ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி. வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். வரும் நாளிலும் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் வருவாள். அதற்குள் காலை உணவும் முடிந்திருக்கும். நான் கண்டித்தேன். வகுப்பின் முன்னால் நிற்கவும் வைத்தேன். ஒருநாள் இடுப்பில் இரண்டரை வயதுத் தம்பியோடு வந்து வாசலில் நின்றாள். அன்றுதான் காரணம் கேட்டேன். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். தெருத்தெருவாக விற்றுவிட்டுத் திரும்ப மதியம் ஆகும். அதுவரை தம்பி இவள் பொறுப்பு.

மாலையில் வீட்டுக்குப் போனேன். ராயபுரத்திலிருந்து இங்கே குடிவந்து எட்டு மாதம். அம்மா ஐந்து மாதக் கர்ப்பிணி. "பால்வாடியில பேர் குடுத்தீங்களாம்மா?" என்றேன்.

"ரேஷன் கார்டு இன்னும் பழைய அட்ரஸ்லதான் இருக்கு டீச்சர். இது மூணாவது வேற. மூணாவதுக்குப் பணம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அங்க போயி என்னத்தக் கேக்குறது?"

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும், ஆக 18,000 ரூபாய்க்கு உதவி உண்டு. அது வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 19 வயது நிறைந்த தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்.

ஆனால் அங்கன்வாடி உணவு வேறு. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் தாய்க்கு உண்டு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கு உண்டு. வருமான வரம்பு இல்லை. எத்தனையாவது பிள்ளை என்ற கணக்கும் இல்லை. குடும்ப அட்டை பழைய முகவரியில் இருப்பது தடையே அல்ல. தாய்க்குச் சத்து மாவு. இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கு மையத்திலேயே சூடான மதிய உணவு, முட்டை, முன்பருவக் கல்வி.

பணம் இல்லை என்றதும் உணவும் இல்லை என்று அந்தத் தாய் எண்ணிக்கொண்டார். இரண்டும் வேறு வேறு என்று அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. ஐந்து மாதமும் அப்படியே போயிருந்தது.

தகுதி இருப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு 1972-இல் உருவான திட்டத்திலும் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் பயன்பெறுகிறார்கள். குழந்தைக்கு ஒரு வயது கடந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள்.

பள்ளி உணவில் நமக்கு நெடிய வரலாறு உண்டு. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் அதைத் தொடங்கியவர் நம் வடசென்னைக்காரரான சர் பிட்டி தியாகராயர். பிறகு காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவு. பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளை யாரையும் கேட்காமல் தட்டெடுத்து உட்காரலாம். ஆனால் கருவான நாளிலிருந்து இரண்டு வயது முடியும் வரையான ஆயிரம் நாள்தான் உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம். அந்த ஆயிரம் நாளில் தாய்தான் தேடிப்போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் மீன் எடுக்கப் போகிறவருக்கும், மணலியில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துக்கும் அது எளிதல்ல.

மறுநாள் பிற்பகல் அந்த அம்மாவோடு அங்கன்வாடிக்கு நடந்தேன். ஆதாரும் செல்பேசி எண்ணும் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். நகர்ப்புற சுகாதார செவிலியரின் எண்ணையும் கொடுத்தார்கள். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்க அவரிடம்தான் போக வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். காலையில் மையம் திறக்கும் வரை தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒத்துக்கொண்டார். அதன்பின் என் மாணவி காலை உணவுக்கே வந்தாள். பாட்டிக்கு முடியாத நாளில் இன்றும் விடுப்புதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நிற்க வைத்ததற்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல டீச்சர்" என்றாள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். சேர்க்கையின்போதும், ஒரு பிள்ளை அடிக்கடி விடுப்பு எடுக்கும்போதும், "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? அம்மா கர்ப்பமாக இருக்கிறார்களா?" என்று தனியாக, மற்ற பிள்ளைகள் காதில் விழாமல் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அங்கன்வாடிப் பணியாளரை அழையுங்கள். பணம் வேறு, உணவு வேறு என்பதை அவர் வாயால் பெற்றோர் கேட்கட்டும். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களே, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் விடுப்புக்குப் பின்னாலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். விசாரியுங்கள்.

நாம் கூடுதல் வேலைச் சுமையில் இருக்கிறோம் என்பது எனக்கும் தெரியும். இது எமிஸில் பதிய வேண்டிய வேலை அல்ல. ஒரு கேள்வியும் ஒரு மாலை நேர நடையும்தான். இன்று அந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் ஐந்து ஆண்டில் அதுவும் நம் ஒன்றாம் வகுப்புக்குத்தான் வரப்போகிறது.