கருகின கன்றைப் பிடுங்காதீங்க!
(பேரையூர் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



2021-22ல் தமிழக அரசு ஆரம்பித்தது பசுமைப் போர்வைத் திட்டம். கன்று இலவசம். பிழைத்து நிற்கும் கன்றுக்கு வருஷம் 7 ரூபாய் வீதம் மூன்று வருஷத்துக்கு 21 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். நாமும் வரப்பில் வேம்பும் மகோகனியும் வைத்தோம்.

நம்ம பூமி கரிசல், மானாவாரி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்குது. வெடிப்பில் வேர் அறுந்துபோகுது. இலை கருகினதும் செத்துப் போச்சுன்னு பிடுங்கி எறியிறோம். அதுதான் தப்பு!

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கு. பச்சை தெரியும் இடம் வரைக்கும் காய்ந்த கொப்பை வெட்டுங்க. வெடிப்பை மண் போட்டு மூடுங்க. பருத்திமார், சோளத்தட்டையால் மூடாக்குப் போட்டு, வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. துளிர்க்கும்வரை உரம் வேண்டாம். வேம்பு அடியிலிருந்தே துளிர்க்கும். நல்ல தளிர் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்க. ஆடு கடிக்காமல் முள் அடைங்க.

இலை இல்லாத கன்றைச் செத்த கணக்கில் எழுதிவிட்டால் 21 ரூபாயும் போச்சு. ஆகவே கேட்கிறோம்:

கோடையில் எண்ணாதே, மழைக்குப் பின் கணக்கெடு!
துளிர்த்த கன்றையும் கணக்கில் சேர்!
செத்த கன்றுக்கு ஐப்பசி மழைக்கு முன் புதுக்கன்று கொடு!

ஊர் ஊராகக் கன்றை எண்ணி எழுதிக்கொண்டு வாங்க. ஒன்றாய் நின்று கேட்போம்!