கூடைக்குத் தார் பூசியவள்

(திருவரங்குளத்தில் தலித் கிறிஸ்தவ இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எல்லாத்தையும் கர்த்தர் கையில விட்டுரு" என்று சொல்லாத பிரசங்கம் உண்டா? சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். விடுறதுக்கு நம்ம கையில என்னய்யா இருந்துச்சு? நிலம் இருந்துச்சா? கண்மாய் மடை நம்ம கையிலயா? கோயிலுக்குள்ள எங்கே உட்காரணும், செத்தா எந்த மூலையில புதைக்கணும்னு முடிவு பண்ணுற அதிகாரம் நம்மகிட்டயா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவிலேயே சுவர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிடியை விடச் சொல்லும் பிரசங்கத்தை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் யாராவது வைத்தார்களா? ஒன்றுமில்லாதவனிடம் "விட்டுவிடு" என்பது, வாயை மூடு என்பதற்கு இன்னொரு பேர்.

ஆனாலும் இந்த விசயத்தைத் தூக்கி எறிய எனக்கு மனசில்லை. நம்ம ஆத்தாமார் கடவுளை நம்பித்தான் பொழுதை ஓட்டினார்கள். அது வெறும் மயக்கம் என்று சொல்ல நான் யார்?

மோசேயின் அம்மாவைப் பாருங்கள். ஆண் பிள்ளைகளை ஆற்றில் போடு என்பது ராஜா உத்தரவு. அவளும் ஆற்றில்தான் விட்டாள்! ஆனால் எப்படி விட்டாள்? நாணலில் கூடை முடைந்து, தண்ணி புகாம தார் பூசி, நாணலுக்குள்ளே வைத்தாள். மூத்த மகள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையால் ஆனதையெல்லாம் செய்து முடித்து, அதற்கு மேல் ஆகாத இடத்தில்தான் கையை எடுத்தாள். அந்த மருத்துவச்சிகளும் அப்படித்தான். கடவுளுக்குப் பயந்ததால் பார்வோனுக்குப் பயப்படவில்லை. தார் பூசாமல் விட்டிருந்தால் அதற்குப் பேர் விசுவாசமா?

நம்ம காரியத்துக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நம்மை வெளியில் நிறுத்திவிட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை எடுக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்புக்கு மோசடி என்றது. மதம் மாறினாலும் சேரி மாறாதது அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

என் பிள்ளைக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம் எழுதிய ராத்திரி நினைவிருக்கிறது. மதம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இந்து என்று எழுதினால் ஒதுக்கீடு உண்டு, விடுதி உண்டு. கிறிஸ்தவன் என்று எழுதினால் பட்டியலுக்கு வெளியே. என் சம்சாரம் சொன்னாள்: "கர்த்தருக்கு நம்மளத் தெரியும், எது வேணா எழுதுங்க." நான் கிறிஸ்தவன் என்று எழுதினேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது. இந்து என்று எழுதியவனைக் கோழை என்று சொல்ல என் நாக்கு வராது. அவன் தன் கூடைக்குத் தார் பூசினான், அவ்வளவுதான். இந்தத் தேர்வை நம் தலையில் கட்டியவன் எவனோ, அவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆயர் பேரவை 2016இல் தலித் கொள்கை ஒன்று வெளியிட்டது. கத்தோலிக்கரில் பாதிக்கு மேல் நாம்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிடியை விட வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கோயில் சாவியை, கல்லறைச் சாவியை, தேர் வடத்தை அவர்கள் விடட்டும்.

அதைச் சொல்லும்போது என்னையும் சொல்லணும், தோழர்களே. எங்கள் இரவுப் பாடசாலைச் சாவியும் கணக்கு நோட்டும் ஒன்பது வருசம் என் மடியிலேயே கிடந்தது. ஒருநாள் பொம்பளைங்க நாலு பேர் வந்து, "அண்ணே, கணக்கைக் காட்டுங்க" என்றார்கள். கோபம் வந்தது. நான் இல்லாட்டி இது நடக்குமா என்று நினைத்தேன். அந்த ராத்திரி ஜெபம் பண்ண முடியவில்லை. மறுநாள் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மாசமே வருகை கூடிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.