முதலில் காகிதம், அப்புறம் லைசென்ஸ்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



இந்த மாதம் டிரைவிங் லைசென்ஸ் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. வண்டி ஓட்டுவது எப்படி என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அதை நம் பெண்கள் சீக்கிரமே கத்துக்கிறாங்க. லைசென்ஸுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், அந்தக் காகிதங்கள் நம்மிடம் ஏன் சரியாக இருப்பதில்லை, எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் பேசப் போகிறோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் அந்த ஊர்ப் பெண்கள். கேலி பேசினவங்களைக் கண்டுக்காம ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டினார்கள். சைக்கிளுக்குத் தைரியம் போதும். ஸ்கூட்டிக்குத் தைரியத்தோடு லைசென்ஸும் வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம் என்றால், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இது நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் தனியாக அபராதம் உண்டு. இதைவிடப் பெரிய கஷ்டம் விபத்தில் இருக்கிறது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி, ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் அந்தப் பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். குழுக் கடனில் வாங்கிய வண்டி நம்ம பேரில் இருந்தால், அந்தச் சுமையும் நம்ம தலையில்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். 2025 மார்ச் 8 மகளிர் தினத்தன்று சென்னையில் பிங்க் ஆட்டோக்களைத் தொடங்கினார்கள். அதற்கு அரசு மானியம் 1 லட்சம் ரூபாய். இரண்டிலும் ஓட்டுநர் உரிமம் கேட்டார்கள். திட்டம் அறிவித்த பிறகு பெட்டியைத் திறந்து காகிதம் தேடினால் கடைசித் தேதி நமக்காகக் காத்திருக்காது. எல்எல்ஆர் எடுத்து 30 நாள் முடிந்த பிறகுதான் ஓட்டிக்காட்டும் தேர்வுக்கே போக முடியும். அதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு எழுத்தைத் திருத்துவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

சரி, என்ன காகிதம்? அலுவலகம் மூன்று விஷயத்தைத்தான் பார்க்கிறது. நீங்க யார், எப்போ பிறந்தீங்க, எங்கே இருக்கீங்க. ஆண்களுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் பிறந்ததிலிருந்து ஒரே மாதிரி இருக்கும். நமக்குக் கல்யாணத்தோடு பெயரும் முகவரியும் மாறிவிடுகிறது. காகிதங்கள் மட்டும் பாதி அந்த வீட்டில், பாதி இந்த வீட்டில்.

பெயர்

முத்துலட்சுமி என்ற பெயரையே எடுத்துக்குவோம். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு இருக்கும். வாக்காளர் அட்டையில் கணவர் இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இருக்காது. பேங்க் பாஸ்புக்கில் வெறும் 'லட்சுமி'. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் சிக்கல். ஒரு இடத்தில் 'எல், ஏ, கே, எஸ், ஹெச்' என்று போகும், இன்னொரு இடத்தில் 'எல், ஏ, டி, சி, ஹெச்' என்று போகும். நமக்கு எல்லாம் ஒரே முத்துலட்சுமிதான். கம்ப்யூட்டருக்கு அது நாலு ஆள்.

கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே ஆகணும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பா இனிஷியலோடு தொடர்வதும் கணவர் இனிஷியலுக்கு மாறுவதும் உங்க விருப்பம். ஆனால் எது என்று ஒருமுறை முடிவு பண்ணிட்டு, எல்லாக் காகிதத்திலும் அதையே வையுங்க. படித்தவர்களுக்கு எங்கள் யோசனை, பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கேற்பத் திருத்துவது. பள்ளிச் சான்றைத் திருத்துவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதனால் மையத்தில் அவசரப்படாதீங்க. திரையில் காட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பார்த்து, தெரியலைன்னா படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்து, அப்புறம் சரி என்று சொல்லுங்க. பெயரையே வேறாக மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழில் வெளியிட்டு அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

பிறந்த தேதி

ஆதார் எடுக்கும்போது பல அக்காமார் கிட்ட வயசு மட்டும்தான் கேட்டாங்க. அதனால் சில கார்டில் வருஷம் மட்டும் இருக்கும், சில கார்டில் ஜனவரி 1 என்று இருக்கும். பிறந்த தேதிக்கு ஆதார் உறுதியான சான்று கிடையாது. ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் வயதுக்குப் பள்ளிச் சான்றிதழைத்தான் எடுக்க வேண்டும், ஆதாரை அல்ல என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அஞ்சாவது வரை படித்தவர்களும் 'எனக்கு ஏது சர்டிபிகேட்' என்று விட்டுவிடாதீங்க. தொடக்கப் பள்ளியில் ரெக்கார்டு ஷீட் கொடுப்பாங்க. தொலைந்து போயிருந்தால் அந்தப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்க. சேர்க்கைப் பதிவேட்டில் உங்க பெயர் இருக்கும். எந்த வருஷம் சேர்ந்தீங்க என்று உத்தேசமாகச் சொன்னால் தேடுவது சுலபம். பள்ளிக்கே போகாதவர்களுக்கும் வழி இருக்கு. மோட்டார் வாகன விதிகளில் வயதுக்கு சிவில் சர்ஜன் நிலைக்குக் குறையாத மருத்துவரின் சான்றையும் ஏற்கிறார்கள். எந்தச் சான்றும் காட்ட முடியாத நிலை என்றால், நோட்டரி முன் செய்த உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கும் அதிகாரம் அலுவலருக்கு உண்டு. ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் திருத்த முடியும். கையில் சான்று இருக்கும்போது போங்க.

முகவரி

இந்த இடத்தில்தான் நம் சகோதரிகள் அதிகம் தடுக்கி விழுறாங்க. பிரச்சினையாகிப் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்தவர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். கட்டின சேலையோட வந்தேன் என்று சொல்றாங்க. சேலைகூட வாங்கிக்கலாம், பெட்டியில் பூட்டியிருக்கும் டி.சி.யையும் வாக்காளர் அட்டையையும் எப்படி வாங்குவது? அங்கே போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பள்ளிச் சான்றுக்கும் ஆதாருக்கும் வாக்காளர் அட்டைக்கும் நகல் பெற வழி உண்டு. ஆதார் முகவரிக்கு 2023 ஜனவரியிலிருந்து ஒரு வசதி வந்திருக்கு. உங்கள் பேரில் முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், குடும்பத் தலைவர் என்ற முறையில் அம்மாவோ அப்பாவோ தங்கள் ஆதார் மூலம் சம்மதம் கொடுத்தால் அந்த வீட்டு முகவரிக்கு நீங்க மாறிக்கலாம்.

முகவரி ஏன் முக்கியம் என்றால், 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் கார்டை விரைவுத் தபாலில் அனுப்பும் முறை வந்தது. காகிதத்தில் கணவர் வீட்டு முகவரி இருந்தால் கார்டு அங்கேதான் போகும். நீங்க தேர்வில் பாஸ் பண்ணி வாங்கின கார்டு யார் கையில் போய் நிற்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

செல்போன் எண்

இது காகிதம் இல்லை, ஆனாலும் அதற்குச் சமம். விண்ணப்பம் எல்லாம் சாரதி இணையதளம் வழியாகப் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஓடிபி வரும். நம் உறுப்பினர்கள் பலருக்கு ஆதாரில் இருப்பது கணவர் எண், இல்லைன்னா மகன் எண், இல்லைன்னா எப்பவோ தொலைந்து போன சிம். உங்க கையில் இருக்கும் எண்ணைச் சேருங்க. இதற்குச் சான்று எதுவும் வேண்டாம். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து, கட்டணம் கட்டினால் போதும்.

இந்த நாலும் சரியானால் மீதி வேலை சின்னது. கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். உடல்நிலை பற்றிப் படிவம் 1-இல் நீங்களே உறுதி கொடுக்கணும். 40 வயது தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ-இல் பதிவு பெற்ற மருத்துவர் சான்று வேண்டும். ரத்த வகையைத் தெரிந்துகொண்டு போங்க. எல்எல்ஆர் தேர்வில் சாலை விதிகளும் சின்னங்களும் கேட்பாங்க, தமிழிலேயே எழுதலாம். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அதற்குள் ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்கிவிடணும்.

2016 டிசம்பரில் மத்திய அரசு வைத்த கட்டணத்தையும் சொல்லிடறோம். எல்எல்ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50. ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணம் இதோடு சேரும். இதைத் தெரிந்து வைத்தால் ஆயிரக்கணக்கில் யாராவது கேட்கும்போது 'எதுக்கு இவ்வளவு' என்று திருப்பிக் கேட்கலாம். அசல் சான்றுகளை டிரைவிங் ஸ்கூலிலோ புரோக்கரிடமோ விட்டுட்டு வராதீங்க. காட்டிட்டு, நகலைக் கொடுத்துட்டு, அசலை அப்பவே கையில் வாங்கிக்கோங்க.

ஆட்டோ, சரக்கு வண்டி ஓட்ட ஆசைப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எட்டாவது படித்திருக்கணும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2019 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். 'நான் அஞ்சாவதுதானே' என்று பின்வாங்க வேண்டாம்.

பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களும் கேட்டுக்கோங்க. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளியில் சேர்ப்பதிலிருந்து டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம். பேர் வைக்கும் முன்னே பதிவு செய்து, பேர் இல்லாத சான்றிதழாகவே வீட்டில் கிடக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்க. நாம படும் கஷ்டத்தை நம்ம பிள்ளை படக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேமிப்பையும் உள்கடனையும் எப்படி ஒழுங்காக எழுதி வைக்கிறோமோ, அதே ஒழுங்கில் இதையும் செய்வோம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் காகிதங்களைப் பையில் போட்டுக் கொண்டு வாங்க. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் எண் நான்கும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றா என்று பாருங்க. எது மாறியிருக்கு என்பதை மட்டும் குறிச்சுக்கோங்க. ஆதார் எண்ணையும் பேங்க் கணக்கு எண்ணையும் பொது நோட்டில் எழுத வேண்டாம். திருத்தம் வேண்டியவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே நாளில் மையத்துக்குப் போங்க. கூட ஆள் இருந்தால் பேச்சு தைரியமாக வரும், ஒருத்தர் வரிசையில் நிற்க இன்னொருத்தர் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரலாம். எந்த ஊர்க் குழு நாள் குறிக்கிறதோ, அந்த ஊருக்கு நாங்களும் வருகிறோம்.

சரியான காகிதங்களை ஒரு உறையில் போட்டு, உங்க கைக்கு எட்டும் இடத்தில், உங்க பொறுப்பில் வையுங்க. வீட்டுப் பெட்டிச் சாவி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்த உறை உங்களிடம் இருக்கட்டும். லைசென்ஸுக்காகச் சேர்த்த அதே காகிதம் நாளைக்குப் பேங்க் கடனுக்கும், பென்ஷனுக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் உதவும்.