தோபியாவின் நாய்



தோபித்து நூலில் இளைஞர் தோபியா பயணம் புறப்படுகிறார். துணைக்கு இரபேல் வானதூதர். கூடவே ஒரு நாய். 11-ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஊர் திரும்பும்போதும் அந்த நாய் பின்னாலேயே வருகிறது. கூடப் போக ஆளும், திரும்பி வர வீடும் அதற்கு இருந்தன.

நம் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்தபின் கழிவு மீனுக்குச் சண்டையிடும் நாய்களுக்கு அந்த வீடு இல்லை. அவற்றுக்குச் சோறு வைப்பவர்களும் நம் பங்கு மக்களே. கடித்துவிடுமோ என்று பிள்ளையை இறுகப் பிடித்தபடி காலைத் திருப்பலிக்கு வரும் தாயும் நம் பங்கைச் சேர்ந்தவரே. அந்தத் தாயின் பயம் நியாயமானது. வெறிநோய் முற்றினால் பிழைப்பது மிக அரிது. கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆகவே நம் இரக்கம் ஒரு பிடி சோற்றோடு நின்றுவிடக் கூடாது. தெருநாயைத் தத்தெடுப்பவர்கள், அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று கூறியது. தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, சாகும்வரை திண்ணையில் இடம் கொடுப்பதே அன்பு. வளர்த்த நாய் கிழடானதும் கடற்கரையில் விட்டுவருவது அன்பல்ல.

உங்கள் பிள்ளை நாய்க்குட்டி கேட்கிறதா? ஜாதி நாய்க்குப் பணம் கொடுக்குமுன் தெருமுனையைப் பாருங்கள்.

இரக்கமுள்ள இறைவன் நம் வாசல்களைத் திறப்பாராக. ஆமென்.